மேகம் ஒன்று, பொழிவு பல

நுழையும்முன்

தமிழில் 'பனி' என்னும் ஒரு சொல் பலவற்றைக் குறிக்கும். மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனி. தெருவை மறைக்கும் வெண்புகைப் படலமும் பனி. இமயத்தில் கூரைகளை மூடிக் கிடக்கும் வெண்மையும் பனி. சமவெளியிலும் கடலோரத்திலும் வாழ்ந்தோர்க்கு இந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. சிம்லாவிலோ ஸ்ரீநகரிலோ வாழ்வோர்க்கு அது போதாது. பேருந்து ஓடுமா, வீட்டில் மின்சாரம் இருக்குமா, கோடையில் வயலுக்கு நீர் கிடைக்குமா என்பனவெல்லாம் அங்கே வானிலிருந்து விழுவது எது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. குளிர்காலப் பொழிவின் வகைகளையும் அவை உருவாகும் முறையையும் இப்பாடத்தில் அறியலாம்.

பொழிவும் படிவும்

குளிர்காலக் காலையில் நிலத்தின்மேல் காணப்படும் ஈரம் முழுவதும் வானிலிருந்து விழுந்தது அன்று. மேகத்திலிருந்து விழுவது பொழிவு. காற்றில் உள்ள நீராவி, குளிர்ந்த பொருள்களின்மேல் தானாகவே ஒட்டிக்கொள்வது படிவு. புல்நுனிப் பனித்துளி படிவாகும். நீலகிரியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தேயிலைச் செடிகளைக் கருகச் செய்யும் உறைபனியும் படிவே. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கிறது. புல்லின் வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, அதைத் தொடும் நீராவி நீராக மாறாமலே நேரே பனிக்கட்டியாகப் படிகிறது. எனவே உதகையின் புல்வெளி விடியலில் வெளுத்திருப்பதைக் கண்டு, இரவில் அங்கே பனி பெய்தது என்று கூறுவது பொருந்தாது. மூடுபனியும் பொழிவன்று, அது நிலத்தைத் தொட்டு நிற்கும் மேகம்.

உறைபனியையும் வெண்பனியையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. உறைபனிக்குத் தெளிந்த வானம் வேண்டும். வெண்பனிக்கு மேகம் வேண்டும். மேகம் போர்வைபோல் நிலத்தின் வெப்பத்தைக் காக்கிறது. அதனால் மலையூர்களில், வெண்பனி பெய்யும் இரவைவிட, மேகம் கலைந்த மறுநாள் இரவிலேயே குளிர் கடுமையாக இருக்கும்.

மேகத்தினுள் நிகழ்வது

மேகம் நீராவியால் ஆனது எனப் பலர் எண்ணுவர். நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் காணும் மேகம் மிக நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். ஒரு துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். இவ்வளவு சிறிய துளி காற்றிலேயே மிதக்கும். நிலத்திற்கு வந்து சேராது. அது விழ வேண்டுமாயின் பல மடங்கு பெருக வேண்டும்.

குளிர்கால மேகத்தின் மேற்பகுதியில் வெப்பநிலை 0 டிகிரிக்குப் பல டிகிரி கீழே இருக்கும். ஆயினும் அங்குள்ள துளிகள் எல்லாம் உறைந்து விடுவதில்லை. நீர் பனிக்கட்டியாக மாறுவதற்கு, அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படுவதற்கு ஒரு தொடக்கப்புள்ளி தேவை. களிமண் துகளோ தூசோ அத்தொடக்கப்புள்ளியாக அமையும். அத்தகைய துகள் கிடைக்காத நுண்துளி, சுழிக்குக் கீழ் 38 டிகிரி வரையிலும்கூட நீராகவே இருக்கக்கூடும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாமல் இருக்கும் இந்நீரை மீக்குளிர் நீர் என்பர்.

இவ்வாறு மேகத்தினுள் மீக்குளிர்த் துளிகள் மிகுதியாகவும் பனிப்படிகங்கள் குறைவாகவும் அருகருகே உள்ளன. நீரின் பரப்பை விட்டு மூலக்கூறுகள் எளிதில் வெளியேறுகின்றன. பனிக்கட்டியின் பரப்பை விட்டு அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை. அதனால் துளிகள் ஆவியாகிச் சுருங்க, அந்த ஆவி படிகங்களின்மேல் படிந்து அவற்றை வளர்க்கிறது. துளிகளின் இழப்பு படிகங்களின் வளர்ச்சியாகிறது. இக்கருத்தை 1911ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெக்னர் முன்வைத்தார். கண்டங்கள் நகர்கின்றன என்னும் கோட்பாட்டை உலகுக்கு அளித்தவரும் இவரே. 1930களில் டோர் பெர்ஜெரான், வால்டர் ஃபின்டைசன் ஆகியோர் இதனை விரிவாக வளர்த்தெடுத்தனர்.

இதிலிருந்து வியப்பான ஓர் உண்மை புலப்படுகிறது. தில்லியில் ஜனவரி மாதம் பெய்யும் மழையின் துளிகளிலும் பெரும்பாலானவை மேகத்தில் பனிப்படிகங்களாகவே பிறந்தவை. அவை நிலத்தை அடையும் வழியில் உருகி மழையாயின. வேறுபாடு பிறப்பிடத்தில் இல்லை. வரும் வழியில்தான் உள்ளது.

தெரிந்து தெளிவோம்

பனிப்படிகம் ஏன் ஆறு முனைகளோடு அமைகிறது என்னும் வினாவை எழுப்பி, வானியல் அறிஞர் யோகன்னஸ் கெப்ளர் 1611ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு நூல் எழுதினார். பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்பட்டிருப்பதே அதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த உழவர் வில்சன் பென்ட்லி, 1885ஆம் ஆண்டு நுண்ணோக்கியோடு ஒளிப்படக் கருவியைப் பொருத்தித் தனிப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். தம் வாழ்நாளில் அவர் 5,000க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஜப்பானிய இயற்பியலறிஞர் உகிச்சிரோ நகாயா, 1936ஆம் ஆண்டு ஆய்வுக்கூடத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்தார். வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறினால் படிகத்தின் வடிவமும் மாறும் என்பதை அவர் காட்டினார். சுழிக்குக் கீழ் 5 டிகிரி அளவில் ஊசிகளும் தூண்களும், 15 டிகிரி அளவில் கிளைவிட்ட விண்மீன் வடிவங்களும் தோன்றுகின்றன.

கல்காவிலிருந்து சிம்லா வரை

வட இந்தியாவின் குளிர்காலப் பொழிவுக்குப் பெரிதும் காரணமாவது 'மேற்கத்திய இடையூறு' எனப்படும் காற்றமைப்பு. நடுநிலக்கடல் பகுதியில் தோன்றி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து வரும் இது, டிசம்பர் முதல் மார்ச் வரை அடுத்தடுத்து இமயத்தை வந்தடைகிறது. அது கொணரும் மேகம் சமவெளிக்கும் மலைக்கும் பொதுவானது. ஆனால் ஒரே நாளில், ஒரே மேகத்தின் கீழ், ஓர் ஊரில் மழையும் மற்றோர் ஊரில் வெண்பனியும் பெய்கின்றன.

1903ஆம் ஆண்டு திறக்கப்பட்டு, 2008ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்ட கல்கா-சிம்லா மலை இருப்புப்பாதை இதனை விளக்கத் தக்க சான்றாகும். 96 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதை, ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் உள்ள கல்காவில் தொடங்கி, ஏறத்தாழ 2,075 மீட்டர் உயரத்தில் உள்ள சிம்லா நிலையத்தில் முடிகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறையும். கல்காவுக்கும் சிம்லாவுக்கும் இடையே உள்ள உயர வேறுபாடு ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர்; ஆகவே வெப்பநிலை வேறுபாடு ஏறத்தாழ 9 டிகிரி.

ஒரு நாள் கல்காவில் 10 டிகிரி வெப்பநிலை நிலவுவதாகக் கொள்வோம். அப்போது 1,500 மீட்டர் அளவில் உள்ள சோலனில் 4 முதல் 5 டிகிரி இருக்கும். சிம்லாவில் 1 டிகிரி இருக்கும். விழும் பனித்துகள் 0 டிகிரியைத் தாண்டியவுடனே உருகிவிடுவதில்லை. முழுவதும் உருக, ஏறத்தாழ 300 மீட்டர் தொலைவாவது அது வெதுவெதுப்பான காற்றில் விழ வேண்டும். ஆதலால் வெப்பமானி 1 டிகிரி காட்டும் சிம்லாவில் வெண்பனியே விழும். அதற்குச் சற்றுக் கீழே உள்ள சரிவுகளில் பாதி உருகிய பனியும் மழையும் கலந்து விழும். சோலனிலும் கல்காவிலும் மழை பெய்யும். தொடர்வண்டி ஏறும் ஐந்தாறு மணி நேரத்தில், ஒரு மேகத்தின் மூன்று வடிவங்களையும் பயணி காண இயலும்.

சில நாள்களில் மாலையில் மழையாகத் தொடங்கியது இரவில் வெண்பனியாக மாறுவதும் உண்டு. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் தேவை. விழும் பனி அவ்வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. துளிகள் ஆவியாகும்போதும் காற்று குளிர்கிறது. முதலில் விழுந்த பனி தான் உருகிக் காற்றைக் குளிர்வித்து, பின்வரும் பனி உருகாமல் இறங்க வழி அமைக்கிறது.

காற்றடுக்கின் தீர்ப்பு

மேலே செல்லச் செல்லக் குளிரும் என்பது பொதுவிதி. இவ்விதிக்கு மாறாகச் சில வேளைகளில், நிலத்தை ஒட்டி உறைகுளிர்க் காற்றும் அதன்மேல் வெதுவெதுப்பான காற்றும் அடுக்காக அமைகின்றன. கனமான குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கி நிற்க, எடை குறைந்த வெப்பக்காற்று அதன்மேல் வழுக்கிச் செல்வதால் இவ்வாறு நேர்கிறது. விழும் பனித்துகள் கடக்கும் அடுக்குகளைக் கொண்டு நான்கு வகைப் பொழிவுகள் உண்டாகின்றன.

முதலாவது வெண்பனி. மேகம் முதல் நிலம் வரை காற்று 0 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருந்தால், படிகங்கள் உருகாமல் இறங்கும். 0 டிகிரியை ஒட்டிய காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பஞ்சுத் துணுக்குகளாகும். கடுங்குளிரில் ஒட்டாமல் பொடியாக விழும்.

இரண்டாவது மழை. நிலத்தை ஒட்டிய வெப்ப அடுக்கு தடிமனாக இருந்தால் படிகங்கள் முற்றிலும் உருகிவிடும். அவ்வடுக்கு மெல்லியதாயின் பாதி உருகிய நிலையில், பனி கலந்த மழையாக விழும்.

மூன்றாவது பனிமணி மழை. நடுவில் உள்ள வெப்ப அடுக்கில் ஓரளவு உருகிய துகள், அதன்கீழ் உள்ள தடித்த குளிரடுக்கில் மீண்டும் உறைந்து, ஒளி ஊடுருவும் சிறு மணியாகிறது. இம்மணிகள் தகரக் கூரையில் பட்டுத் தெறித்து ஒலி எழுப்பும்.

நான்காவது உறைமழை. வெப்ப அடுக்கில் துகள் முழுவதும் உருகிவிடுகிறது. கீழுள்ள குளிரடுக்கு மெல்லியதாக இருப்பதால் துளி மீண்டும் உறைய நேரம் போதவில்லை. அது மீக்குளிர் நீராகவே இறங்கி, மரக்கிளையையோ மின்கம்பியையோ சாலையையோ தொட்டதும் உறைகிறது. பார்வைக்கு மழை, தொட்ட இடமெல்லாம் கண்ணாடிபோன்ற பனிக்கட்டி.

ஆலங்கட்டி இந்நான்கிலிருந்தும் வேறானது. பனிமணி விழும் வழியில் ஒருமுறை உருகி ஒருமுறை உறைந்தது. ஆலங்கட்டியோ இடிமேகத்தினுள் வலிமையான மேல்நோக்கிய காற்றால் தாங்கப்பட்டு, மீக்குளிர்த் துளிகளை மேன்மேலும் தன்மீது ஏற்றிப் பருத்தது. அதனால்தான் அது வெயில் மிகுந்த சித்திரையிலும் பெய்கிறது. குளிர்கால மேகத்தில் பனிப்படிகத்தின்மேல் மீக்குளிர்த் துளிகள் ஒட்டி உறைந்தால், விரலால் நசுக்கக்கூடிய மென்மையான வெள்ளை உருண்டைகள் உண்டாகும். அவற்றையும் ஆலங்கட்டி என மயங்குவோர் உளர்.

பொழிவும் வாழ்வும்

உறைமழையின் ஆற்றலைக் கனடா நாட்டின் கிழக்குப்பகுதி 1998ஆம் ஆண்டு ஜனவரியில் அறிந்தது. ஐந்தாறு நாள்கள் தொடர்ந்து பெய்த உறைமழையால், மின்கம்பிகளில் பனிக்கட்டி தடித்து ஏறியது. எடை தாளாமல் நூற்றுக்கணக்கான இரும்புக் கோபுரங்கள் மடிந்து விழுந்தன. கடுங்குளிரில் இலட்சக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. அதே அளவு நீர் சாதாரண மழையாகப் பெய்திருந்தால் பெருந்தீங்கு எதுவும் நேர்ந்திராது. சில டிகிரி வேறுபாடே இவ்வளவுக்கும் காரணம்.

வெண்பனி மென்மையாகத் தோன்றினாலும் எடை உடையது. பொதுவாக 10 சென்டிமீட்டர் புதுப்பனி உருகினால் 1 சென்டிமீட்டர் நீர் கிடைக்கும். 50 சென்டிமீட்டர் பனி ஒரு சதுர மீட்டர் கூரையில் 50 கிலோகிராம் சுமையாகிறது. 100 சதுர மீட்டர் கூரையில் 5,000 கிலோகிராம். மலையூர்களின் கூரைகள் செங்குத்தாகச் சரிந்திருப்பது பனி தானே வழுக்கி விழுவதற்காகவே. பனியில் சிக்கிய வாகனத்தினுள் இயந்திரத்தை ஓடவிட்டு அமர்ந்திருப்பதும் பேரிடர் தரும். புகைபோக்கிக் குழாயைப் பனி அடைத்துவிட்டால் நச்சு வாயு உள்ளே பரவும். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரீ மலைநகரில் பனியில் வாகனங்கள் சிக்கிக்கொண்டபோது, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஆனால் அதே வெண்பனிதான் மலைநாட்டின் நீர்த்தேக்கம். மழை விழுந்த உடனே ஓடிவிடும். வெண்பனி விழுந்த இடத்திலேயே காத்திருந்து, நீர் தேவைப்படும் ஏப்ரல் முதல் சூன் வரை சிறிது சிறிதாக உருகி இறங்கும். சட்லெஜ், பியாஸ், செனாப் ஆறுகளின் கோடைகால நீரில் கணிசமான பகுதி இவ்வாறு வருவதே. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிர்க் காலத்திற்குச் 'சில்லை கலான்' என்று பெயர். அக்காலத்தில் பெய்யும் பனி இறுகி நெடுநாள் தங்கும். அதன்பின் பெய்வது விரைவில் உருகிவிடும். ஆகவே எவ்வளவு பெய்தது என்பதோடு, எப்போது பெய்தது என்பதையும் அங்குள்ள உழவர் கருத்தில் கொள்வர்.

ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் பொழிவே பெறும் லே வட்டாரத்தில் இந்நீர் இன்னும் அரிது. அங்குச் செவாங் நோர்பெல் என்னும் பொறியாளர், குளிர்காலத்தில் வீணாகும் ஓடைநீரை நிழல் விழும் சரிவுகளில் மெல்லப் பரவவிட்டு உறையச் செய்து, செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். விதைப்புக் காலத்தில் அவை உருகி வயலுக்குப் பாய்கின்றன. இயற்கை வெண்பனியாகச் சேமிப்பதை மனிதர் கற்றுக்கொண்ட முறை இது.

புவியின் வெப்பநிலை உயர்ந்து வருவதால், முன்பு வெண்பனி விழுந்த தாழ்ந்த மலைகளில் இப்போது மழை மிகுந்து வருகிறது. பொழியும் நீரின் அளவு மாறாமல் இருந்தாலும், அது தங்கும் காலம் குறைகிறது. குளிர்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாகக்கூடும். வெப்பமானியில் ஒரு டிகிரி சிறு கோடுதான். மலைநாட்டு வாழ்வில் அது மழைக்கும் வெண்பனிக்கும் இடையே உள்ள எல்லைக்கோடு.

சொல்லும் பொருளும்

படிவு – படிந்து நிற்பது
மீக்குளிர் நீர் – உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாத நீர்
படிகம் – ஒழுங்கான பக்கங்களை உடைய திண்பொருள்
சரிவு – சாய்ந்த நிலப்பகுதி
ஊடுருவுதல் – உட்புகுந்து செல்லுதல்
புலப்படுதல் – விளங்கித் தோன்றுதல்

இலக்கணக் குறிப்பு

உறைபனி, உறைமழை – வினைத்தொகைகள்
வெண்பனி – பண்புத்தொகை
உறையாத நீர் – எதிர்மறைப் பெயரெச்சம்
பனியும் மழையும் – எண்ணும்மை

பகுபத உறுப்பிலக்கணம்

உறைந்தது = உறை + த்(ந்) + த் + அ + து
உறை – பகுதி. த் – சந்தி, 'ந்' ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – சாரியை. து – ஒன்றன்பால் வினைமுற்று விகுதி

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. பின்வருவனவற்றுள் பொழிவு அல்லாதது எது?
(அ) வெண்பனி (ஆ) உறைமழை (இ) உறைபனி (ஈ) ஆலங்கட்டி

2. 'வெண்பனி' என்பதைப் பிரித்தால் கிடைப்பது
(அ) வெண் + பனி (ஆ) வெண்மை + பனி (இ) வெள் + பனி (ஈ) வெண்ப + னி

3. மின்கம்பியைத் தொட்டவுடன் உறைவது
(அ) பனிமணி (ஆ) மழைத்துளி (இ) பனிப்படிகம் (ஈ) மீக்குளிர்த் துளி

ஆ. குறுவினா

1. பொழிவு, படிவு – வேறுபடுத்துக.
2. மேகத்தின் நுண்துளி ஏன் நிலத்தில் விழுவதில்லை?
3. மலையூர்களின் கூரைகள் சரிவாக அமைக்கப்படுவதன் காரணம் யாது?

இ. சிறுவினா

1. பனிமணி, ஆலங்கட்டி ஆகிய இரண்டும் உருவாகும் முறைகளை ஒப்பிடுக.
2. மழையாகத் தொடங்கியது வெண்பனியாக மாறுவது எவ்வாறு?
3. கல்காவில் வெப்பநிலை 16 டிகிரி எனில், சிம்லாவில் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும்? அங்கே விழுவது மழையா, வெண்பனியா? காரணம் தருக.

ஈ. நெடுவினா

'வானிலிருந்து விழுவது எது என்பதை மேகத்தைவிட இடையில் உள்ள காற்றடுக்குகளே முடிவு செய்கின்றன' – இக்கூற்றைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.

உ. சிந்தனை வினா

ஒரு மலைநாட்டில் ஆண்டுப் பொழிவின் அளவு மாறவில்லை. ஆனால் வெண்பனி குறைந்து மழை மிகுந்துள்ளது. அங்குள்ள உழவர் எதிர்கொள்ளும் இடர்கள் யாவை? அவற்றைக் குறைக்க என்ன செய்யலாம்?

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் ஊரின் உயரத்தையும் ஜனவரி மாத வெப்பநிலையையும் அறிந்து, அங்கே வெண்பனி விழ இயலுமா எனக் கணக்கிட்டு எழுதுக.
2. 'பனி' என்னும் சொல்லோடு சேர்ந்து வரும் பத்துத் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து, அவற்றைப் பொழிவு, படிவு, பிற என வகைப்படுத்துக.
3. உங்கள் வகுப்பில் பிற மொழி பேசும் நண்பரிடம், வெண்பனி, உறைபனி, மூடுபனி ஆகியவற்றுக்கு அவர்தம் மொழியில் உள்ள சொற்களைக் கேட்டறிந்து அட்டவணைப்படுத்துக.